குளிர் போக ஒரு வழி

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போன பிறகு, உனக்கென்று மூடி வைத்திருந்த இடியப்பமும் சொதியும் மேசையில் அப்படியே இருந்தன. உன் அம்மா அதைத் தானும் எடுக்கவில்லை, என்னையும் எடுக்க விடவில்லை. வாணி மாடிப்படியில் கூறைச் சேலைக்குப் பொருத்தமான சட்டைத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். நீ சொன்னதை அவளும் கேட்டாள் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாது. “அப்பா, கலியாணத்தண்டு விடியப் பனி கொட்டினா என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதைங்கோ. நான் வரேலாது.” இதுதான் நீ சொன்னது. உனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கச்சி. அவளுக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன். அந்த அண்ணன் தங்கச்சியின் கலியாணத்துக்கு வருவதும் வராததும் உன் தோட்டம் கிடக்கிற கெண்ட் மாகாணத்துப் பனியின் கையில் இருக்கிறதாம். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன மரக்கட்டையா?

போனில் பேசலாம் என்று பார்த்தேன். பேசினால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். இரண்டாம் நிமிடம் நான் கத்துவேன், மூன்றாம் நிமிடம் நீ ஆங்கிலத்துக்கு மாறுவாய், அதற்குப் பிறகு அம்மா வந்து போனைப் பறிப்பார். அதனால்தான் எழுதுகிறேன், அதுவும் தமிழில். ஸ்ட்ரெதமில் இருந்து சனிக்கிழமை தோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதன் பலனை இன்றைக்குத்தான் அனுபவிக்கப் போகிறேன். நீ இதை எழுத்துக்கூட்டி, மெல்ல மெல்லத்தான் வாசிப்பாய். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனால் குறுக்கே பேச முடியாது. ஒரு தடவையாவது நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டாக வேண்டும்.

கலியாணத்தில் உன் வேலை என்ன என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை வெறும் சடங்கு என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டாய். பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். வட லண்டன் எட்மண்டனில் அவர்களுடைய வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வருவது நீ. மண்டப வாசலில் செம்பில் தண்ணீர் எடுத்து அவருடைய காலைக் கழுவுவது நீ. அதற்கு அவர் உன் விரலில் மோதிரம் போடுவார். ஓமம் வளர்க்கும்போது உன் தங்கச்சியின் கையில் நெற்பொரி அள்ளிப் போடுவதும் நீதான். நீ இல்லாவிட்டால் இதையெல்லாம் யார் செய்வது? உன் பெரியப்பாவின் மகனைக் கேட்கலாம் என்று அம்மா மெல்லத்தான் வாயெடுத்தார். வாணி திரும்பியும் பார்க்காமல், “அண்ணா வராட்டி அந்தச் செம்பு அதில அப்பிடியே இருக்கட்டும், அவர் காலைக் கழுவாமலே உள்ள வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சம்பந்தி வீட்டிலிருந்து தோழனின் உடுப்பு அளவைக் கேட்டு இரண்டு தரம் போன் வந்துவிட்டது. நான் உன் பழைய அளவைச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்தில் கிடந்து மெலிந்துபோனாய் என்று அம்மா சொல்கிறார். வேட்டிதானே, இறுக்கிக் கட்டலாம்.

இந்தத் தோட்டக் கதை எப்படித் தொடங்கியது என்று எனக்கு மறக்கவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டில் நீ வங்கியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லித் தீர்த்தேன். பிறகு அந்தப் பெரிய வெயில் அடித்த கோடையில் வேலையை விட்டாய். சசெக்ஸில் ஏதோ கல்லூரிக்குப் போய்த் திராட்சை பயிரிடப் படிக்கப்போவதாகச் சொன்னாய். எங்கள் ஆட்கள் கேட்டார்கள், “உங்கட மகன் இப்ப என்ன செய்யிறார்?” தோட்டம் என்றேன். தோட்டம் என்றால் யாழ்ப்பாணத்தாருக்குக் குறைச்சல் இல்லை, முகம் மலர்ந்தது. “என்ன தோட்டம்?” முந்திரிகை என்றேன். நாங்கள் திராட்சையை முந்திரிகை என்றுதானே சொல்வோம். “லண்டன் குளிருக்கை முந்திரிகையோ?” என்று சிரித்தார்கள். வைன் செய்ய என்று சொன்னதும் சிரிப்பும் நின்றுவிட்டது. நான் வாயில் ஒரு சொட்டு வைக்காதவன், ஆனால் இருபது வருடமாக அந்தப் போத்தல்களை விற்றுத்தான் உங்கள் இருவரையும் படிப்பித்தேன். அவர்களுக்கு அதுவும் தெரியும், எனக்கும் தெரியும். 

அதுவும் எந்தத் திராட்சை? எத்தனை சாதி இருக்க, நீ நட்டது ஷார்டனே. என் கடைக்கு வருகிற வெள்ளைக்காரப் பெண்கள் வைன் தட்டுக்கு முன்னால் நின்று கேட்பது என்ன தெரியுமா? ஷார்டனே மட்டும் வேண்டாம், வேறு எதுவென்றாலும் தா என்பார்கள். ஒரு காலத்தில் அவர்களே அதைப் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனவர்கள். சலித்துவிட்டது. ஊர் முழுக்க வேண்டாம் என்று சொல்கிற நேரம் பார்த்து என் மகன் அதைத் தேடிப்போய் நடுகிறான் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? இதை உன்னிடம் கேட்டபோது நீ கோபப்படவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைக்குப் பின்னால் கிடந்த மென்பானப் பெட்டியொன்றைப் பிரித்து, அட்டையை மேசையில் விரித்து, தடித்த பேனாவால் ஒரு சரிவைக் கீறினாய்.

“அப்பா, நீங்கள் விக்கிறது வெயில் நாட்டுச் சாமான். வெயில் கூடினா பழத்தில புளி ஓடிப்போயிடும், இனிப்பு மட்டும் மிஞ்சும். அதுக்கு மேல மரப் பீப்பாய் மணம். அதுதான் சனத்துக்கு அலுத்துப்போச்சு. இஞ்ச குளிர் எண்டபடியால் பழம் ஆறுதலாப் பழுக்கும். புளி நிக்கும். எலுமிச்சையும் பச்சை அப்பிளும் மாதிரி இருக்கும்.” நீ இவ்வளவு நீளமாகத் தமிழில் பேசி நான் கேட்டு எத்தனை காலம்! சரிவு தெற்கைப் பார்க்க வேண்டும், இந்த நாட்டில் வெயில் அங்கிருந்துதான் வரும் என்றாய். மண்ணுக்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது, அது மழைத்தண்ணீரை வேருக்கடியில் நிற்க விடாது, ஆனால் தனக்குள் கொஞ்சம் பிடித்து வைத்து வறட்சியில் கொடுக்கும் என்றாய். தென்மேற்குப் பக்கம் காற்றைத் தடுக்க மரங்கள் என்று சில கோடுகள் போட்டாய். ஜூனில் பூக்கிற நேரம் குளிர்மழை பிடித்தால் பூ காய்க்காமல் உதிரும், கொத்தில் ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் நிற்கும் என்றாய். ஷார்டனே மற்றதுகளுக்கு முந்தி அரும்பு விடுகிற அவசரக்காரி, அதனால் சித்திரையில் அரும்பு விட்டு மே மாதத்து உறைபனியிடம் அகப்பட்டுக்கொள்ளும் என்றும் சொன்னாய். எல்லாம் சொன்னாய். அந்த அட்டை இன்னும் கடையில் இருக்கிறது, இப்போதும் எடுத்துப் பார்த்தேன். சரிவின் கீழே இருக்கிற வேலியை மட்டும் நீ கீறவே இல்லை. அந்த வேலிக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தத் தேதிக் கதையைப் பேசுவோம். மே மாதம் பார்த்து நாள் வைத்தது ஆர் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாயே, நான்தான் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டாயா? ஐயர் இரண்டு நாள் குறித்துக் கொடுத்தார். ஒன்று ஆவணியில், செப்டம்பர் தொடக்கம். மற்றது சித்திரையில், மே மாத பாங்க் ஹொலிடே விடுமுறையோடு வருகிற முதல் ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டார் ஆவணியைத்தான் கேட்டார்கள். கனடாவில் இருந்து அவர்களுடைய சனம் கோடை விடுமுறையோடு வந்து நிற்க வசதி என்றார்கள். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். என் மகன் தோட்டக்காரன், செப்டம்பர் அக்டோபர் அவனுக்கு அறுவடைக் காலம், அப்போது அவனால் ஒரு நாளும் அசைய ஏலாது, மே மாதத்தில் வெறும் இலைதானே, சும்மா இருப்பான் என்று வாதாடினேன். நீ சொன்ன உறைபனி அப்போது என் நினைவிலேயே இல்லை. சம்பந்தி முகத்தைச் சுளித்தார். “மகன் சும்மா இருக்கிற நாள் பாத்தோ அண்ணை கலியாணம் வைக்கிறது?” என்று கேட்டார். அதையும் விழுங்கிக்கொண்டு மேயைப் பிடித்தேன். நான் அவரிடம் பேச்சு வாங்கியது உனக்காக.

பிடித்துவிட்டு அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். மே முதல் ஞாயிறு, சரியா என்றேன். நீ என்ன சொன்னாய்? “ம்” என்றாய். சரிதானே தம்பி என்று மறுபடியும் கேட்டேன். “ம், சரி அப்பா” என்றாய். உனக்கு அந்த நேரமே தெரியும், அந்தக் கிழமைகளில் நீ விடியற்காலை தோறும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பாய் என்று. ஆவணி என்றால் கொத்துக்கு வலை போட்டு மூடிவிட்டு, வெயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர உனக்கு வேலை இல்லை என்றும், வெட்டுவது அக்டோபரில்தான் என்றும் தெரியும். ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அப்பா, மே வேண்டாம், ஆவணியைப் பிடியுங்கோ. எனக்கு உச்சி குளிர்ந்திருக்கும், சம்பந்திக்கும் குளிர்ந்திருக்கும். உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

நீ இதற்குப் பதில் வைத்திருப்பாய் என்று தெரியும். ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டுத்தானே கேட்டீர்கள் என்பாய். அதுவும் உண்மைதான், அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்பது எனக்கு இந்தக் கிழமைதான் முழுதாக விளங்கியது. உன் அம்மா வருடக்கணக்காக வியாழக்கிழமைகளில் பாவற்காய்க் கறி வைத்தார், எனக்குப் பிடிக்கும் என்று. எனக்குப் பிடிக்காது. அவர் விருப்பப்பட்டு வைக்கிறாரே என்று தின்றேன். ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கட்டிலில் இருந்துவிட்டார். “எனக்கு மட்டும் அந்தக் கைப்புப் பிடிக்குமே? உங்களுக்காண்டித்தானே நானும் திண்டனான்” என்றார். நீயும் வாணியும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீயும் அதே அச்சுத்தான். பாவற்காயை முழுங்குவது போல எதையும் முழுங்கிக்கொண்டு இருந்துவிட்டு, ஒருநாள் கதவை அடித்துச் சாத்துவாய்.

இனி வேலி. செவ்வாய்க்கிழமை கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உன் கூட்டாளி பீற்றருக்குப் போன் செய்தேன். குத்தகையில் பாதி அவருடையதுதானே, ஒரு காலை மட்டும் அவர் தனியாகப் பார்த்துக்கொள்ள ஏலுமா என்று கேட்கத்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கலியாணத்துக்கு நீ கட்டாயம் போக வேண்டும் என்று தானும் உன்னிடம் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னார். ஆனால் பனி வந்தால் அரும்புக்குச் சூடு கொடுக்க வரிசைகளுக்கு நடுவே அந்த மெழுகுத் தகரங்களை ஒவ்வொன்றாகக் கொளுத்த வேண்டும், ஒரு ஆளால் முடியாது என்றார். போன வருடம் பட்ட அடிக்குப் பிறகு நீ ஒரு காலையும் விட்டுப்போக மாட்டேன் என்கிறாய் என்றார். போன வருடம் பனியில் கொஞ்சம் போய்விட்டது என்று நீ எங்களிடம் சொன்னது நினைவிருந்தது. கொஞ்சமா என்று கேட்டேன்.  கீழ் வரிசைகள் முழுவதும் என்றார். கொதிதண்ணீர் ஊற்றியது போலக் குருத்தெல்லாம் கருகிக் கிடந்ததாம். நட்டு மூன்றாம் வருடம், முதல் காய்ப்பு. அன்றைக்கு அவ்வளவு பெரிய பனிகூட இல்லை, வேலியில் இருந்த திறப்பை யாரோ அடைத்துவிட்டார்கள், அதனால்தான் என்றார்.

 எந்தத் திறப்பு என்று கேட்டேன், தெரிந்துகொண்டே கேட்டேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். குளிர்காற்று பாரமானதாம். தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து கீழே வருமாம். அடியில் பற்றைவேலி அடர்த்தியாக நின்றால், வரம்புக்குள் தண்ணீர் நிற்பது போல அங்கேயே தேங்கி அரும்புகளை மூடிவிடுமாம். அதனால்தான் நீ எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற மூலையில் வேலியை வெட்டி, குளிர் வெளியே போக வழி விட்டாய். அதை யார் அடைத்தார்கள் என்று கேட்டேன். ஊர்ப் பையன்கள் யாரோ விளையாட்டாகச் செய்துவிட்டார்கள் என்று உங்கள் மகன் சொன்னார், பலகையும் பிளாஸ்டிக்கும் போட்டு மிகவும் கெட்டிக்காரத்தனமாக அடைத்திருந்தார்கள் என்றார் பீற்றர்.

கெட்டிக்காரத்தனமாகத்தான் அடைத்தேன். போன வருடம் நானும் அம்மாவும் தோட்டம் பார்க்க வந்தோமே, அன்றைக்கு நீயும் பீற்றரும் மேலே கம்பி இழுத்துக்கொண்டு நின்றீர்கள். அம்மா காருக்குள் இருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பிறக்காதவன். கீழே நடந்து போனேன். பார்த்தால் வேலியில் ஒரு மாடு போகிற அளவுக்குப் பொட்டு, பெரிய ஓட்டை. யாழ்ப்பாணத்தானுக்கு வேலியில் பொட்டைக் கண்டால் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியாதா? என் மகன் படித்தவன், ஆனால் வேலி பார்க்கத் தெரியவில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். கொட்டிலில் கிடந்த பழைய கதவும் பலகையும் தடித்த பிளாஸ்டிக்கும் எடுத்துவந்து, கம்பியால் இறுக்கி, ஓணான்கூட நுழையாதபடி அடைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீயாகக் கண்டு, அப்பாதான் செய்திருக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டேன். திரும்பி வரும்போது மோட்டர்வேயில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன், அம்மாவைக் கேட்டுப் பார். அடுத்த விடியற்காலை பனி கொட்டியது.

நான் பீற்றரிடம் சொன்னேன், அது ஊர்ப் பையன்கள் இல்லை, நான்தான் என்று. அவர் மறுமுனையில் “ஓ” என்றார்.  பிறகு, நீங்கள் கட்டிய விதம் உண்மையாகவே நல்ல வேலை என்றார், பாவம் மனிதர். போனை வைத்துவிட்டு நான் கடையின் முன்கதவைப் பூட்டினேன். பால் வாங்க வந்த மனிசி கண்ணாடியில் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் கூடுதலாக வந்தது ஆத்திரம். உன்மேல் ஆத்திரம், என்மேலும் ஆத்திரம். அந்தப் பழைய கதவைக் கண்ட உடனே உனக்குத் தெரிந்திருக்கும். உன் தகப்பன் கம்பியை எப்படி முறுக்குவான் என்று உனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டு, கூட நிற்கிற கூட்டாளியிடமே ஊர்ப் பிள்ளைகள் என்று பொய் சொன்னாய். அந்த மாதமே வீட்டுக்கு வந்து, என் முன்னால் இருந்து சாப்பிட்டு, நான் “வேலி எப்பிடி, பாத்தனியோ?” என்று பெருமையாகக் கேட்டபோது “ம்” என்றாய். நான் ஒரு வருடமாக அந்த “ம்”மை நன்றி என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், தம்பி.

அப்பா மனம் நொந்துவிடுவார் என்று நினைத்தாய். விளங்குகிறது. ஆனால் நீ செய்தது என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பார். என்னை மன்னித்தும் விடவில்லை, என்னோடு சண்டை பிடிக்கவும் இல்லை. எனக்குத் தெரியாமல் என்மேல் ஒரு வழக்கை நடத்தி, எனக்குத் தெரியாமலே தீர்ப்பும் சொல்லி, கடைசியில் தண்டனையை வாணிக்குக் கொடுக்கிறாய். அன்றைக்கே நீ போன் எடுத்து, “அப்பா, உங்களுக்கென்ன விசரோ? ஆரைக் கேட்டு அடைச்சனீங்கள்?” என்று கத்தியிருந்தால் நான் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். பிறகு மே மாதம் என்றால் என்ன என்று எனக்கு மறந்தே இராது. ஐயர் மே என்று சொன்ன உடனே, ஐயையோ அது பனிக்காலம் என்று நானே எழும்பி நின்றிருப்பேன். பெற்றவனுக்கு நோகும் என்று பிள்ளை உண்மையை மறைப்பது மரியாதை என்று எங்களுக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது. அது மரியாதை இல்லை. நாளைக்கு நீயும் ஒருத்தியோடு வாழப் போகிறவன், அப்போதும் இப்படி இராதே. நோகிற இடத்தில் நோகட்டும் என்று சொல்லிவிடு. ஒரு வருடம் தேங்கி நிற்பதைவிட அது நல்லது.

போன இலையுதிர் காலத்தில், தப்பிய மேல் வரிசைகளில் நீ வெட்டுகிற நேரம் நான் வந்தது நினைவிருக்கிறதா? ஒரு கொத்தில் இருந்து ஒரு பழம் பிடுங்கித் தந்தாய். வைன் குடிக்காதவர் பழத்தையாவது தின்னுங்கோ என்றாய். மஞ்சளும் பச்சையுமாய் மங்கிய சின்னப் பழம், தோல் கெட்டி, விதை இரண்டு. முதலில் இனித்தது, பிறகு நாக்கின் இரண்டு பக்கமும் புளிப்புப் பிடித்து இழுத்தது. நான் முகத்தைக் கோணியதைப் பார்த்து நீ சிரித்தாய். “அந்தப் புளிதான் அப்பா எனக்கு வேணும்” என்றாய். அந்தப் பழத்துக்காக நீ வங்கி வேலையை விட்டது எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் முழுக்க விளங்கவில்லை. ஆனால் உன் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி வங்கிக்குப் போன காலத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. பார், நானும் அதே அச்சுத்தான்.

சரி, நான் இப்போது செய்திருப்பதைச் சொல்கிறேன். புதன்கிழமை ஐயரிடம் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, குறித்த காலை முகூர்த்தத்தைத் தவிர இன்னொரு முகூர்த்தமும் இருக்கிறது, மதியத்துக்குக் கிட்டவாக. அதற்கு மாற்றித் தாருங்கோ என்றேன். பனி காரணமா என்று அவர் இரண்டு தரம் கேட்டார். ஓம், பனிதான் என்றேன். கிங்ஸ்பரி மண்டபக்காரர் முணுமுணுத்தார், சமையல்காரர் சோறு ஆறிவிடும் என்று சண்டை பிடித்தார், வீடியோக்காரருக்கு அன்றைக்கு மாலை வேறு கலியாணமாம். சம்பந்தியிடம் போனில் சொல்லவில்லை, எட்மண்டனுக்கே போய் நேரில் சொன்னேன். இந்த முறை ஒன்றும் மறைக்கவில்லை. வேலியை அடைத்ததையும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “நானெண்டாலும் அடைச்சுத்தான் இருப்பன் அண்ணை, வேலியில பொட்டெல்லே” என்றார். பிறகு அவரே, “பொடியன் வரட்டும். பிந்தினாலும் நாங்கள் வாசல்ல நிக்கிறம்” என்றார். மாப்பிள்ளை அழைப்புக்கு உன் பெரியப்பாவின் மகன் போவான், அதற்கு வாணியும் ஓம் என்றுவிட்டாள். ஆனால் செம்பு உனக்குத்தான். விடிந்து வெயில் சரிவில் ஏறிவிட்டால் பனியின் கதை முடிந்துவிடும் என்று நீதானே அட்டையில் சூரியனைக் கீறிச் சொன்னாய். வெயில் ஏறியதும் காரை எடு. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆற்றுக்கு அடியால் வருகிற டாட்போர்ட் சுரங்கப்பாதை வெறிச்சென்று இருக்கும். மெழுகுப் புகை மணக்க மணக்க வந்தாலும் பரவாயில்லை. கையை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுச் செம்பைப் பிடி.

இதெல்லாம் என் பக்கத்து வேலை, அதனால் உன்னைக் கேட்காமலே செய்தேன். உன் பக்கத்து வேலை இரண்டு இருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை. ஒன்று, கலியாணத்துக்கு முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் ஆம்பிளைகள் யாரும் நித்திரை கொள்ளப்போவதில்லை, உனக்கே தெரியும். சித்தப்பாமாரும் மச்சான்மாரும் விடிய விடியச் சீட்டாடிக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டு இருப்பார்கள். இருந்து முழிக்கிறதைத் தோட்டத்தில் நின்று முழித்தால் என்ன? சீட்டையும் பிளாஸ்கையும் அங்கே கொண்டுபோகட்டும், பனி வந்தால் ஆளுக்கு ஒரு வரிசை கொளுத்தட்டும். இரண்டு வான் வண்டி நிறைய அனுப்பலாம். அனுப்பட்டா?

இரண்டாவது, நேற்று நீ சந்தைக்குப் போன நேரம் நான் தோட்டத்துக்கு வந்தேன். பீற்றர் சொல்லியிருக்க மாட்டார், நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். காரின் பின்பெட்டிக்குள் மரம் அரிகிற வாள் இருந்தது. நேரே கீழ் மூலைக்குப் போனேன். அரும்புகள் எல்லாம் நகத்தளவு விரிந்து நிற்கின்றன. வேலியில் அந்தப் பொட்டு அப்படியே இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் புதுத் தளிர் நெருக்கிக்கொண்டு வருகிறது. இப்படியே விட்டால் மே மாதத்துக்குள் பாதி அடைந்துவிடும் போல எனக்குப் பட்டது. வாளை எடுத்துக் கிளையில் வைத்தும்விட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் வேலியை ஒருமுறை தொட்டவன் நான். ஒரு கிளையும் வெட்டாமல், வாளைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, அம்மா கட்டித்தந்த இடியப்பத்தைக் கொட்டிலில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு விளங்கும்.

ஆகவே இப்போது கேட்கிறேன். அந்தப் பொட்டை இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் பெருப்பிக்கட்டா? வான் வண்டியில் சனத்தை அனுப்பட்டா? இதை வாசித்து முடித்ததும் கடைக்குப் போன் எடு. ஓம் என்றால் ஓம் என்று சொல், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். கத்த வேண்டும் என்றால் கத்து, கேட்டுக்கொண்டு நிற்கிறேன். “ம்” என்று மட்டும் சொல்லிவிடாதே, தம்பி. அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அப்பா